ரோல் முடிக்க எடுத்த படங்கள்: உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?

கரிசல்மண் | ஞாயிறு, காலை 10.15

போன வாரம் கோவில்பட்டி வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு காகித உறை கிடைத்தது. உள்ளே பன்னிரண்டு சின்னச் சதுரப் படங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை. கூடவே நெகட்டிவும் சுருட்டி வைத்திருந்தது. பதினொரு படங்கள் 1986இல் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் எனக்கு மொட்டை போட்டுக் காது குத்தியபோது எடுத்தவை. பெரிய மாமா மடியில் நான் அழுதுகொண்டிருக்கிறேன், சுற்றிலும் சொந்தக்காரர்கள் விறைப்பாக நிற்கிறார்கள். எடுத்தது சின்ன மாமா. ஆக்ஃபா கிளிக் 3 கேமரா, ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்.

பன்னிரண்டாவது படம் வேறு மாதிரி. மறுநாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் எடுத்தது. அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, மரச்சட்டத்தில் தீக்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். எங்கள் பக்கம் இதற்குக் கட்டை அடுக்குவது என்று பேர். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து குச்சியும் சட்டமும் வீட்டுக்கு வாங்கி வந்து அடுக்கிக் கொடுப்பார்கள். கட்டைக் கணக்குக்குத்தான் கூலி. படத்தில் அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. வாய் பாதி திறந்திருக்கிறது, யாரிடமோ எதையோ சொல்கிறாள். முந்தானை இடுப்பில் செருகியிருக்கிறது. பக்கத்தில் ஈயச் சொம்பு, மூடி போடாத ஒரு தூக்குவாளி.

"இதை எதுக்கும்மா எடுத்தாங்க?" என்று கேட்டேன். "ரோல்ல ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. முடிச்சாத்தானே கழுவக் குடுக்க முடியும், அதான் எடுத்தான்" என்றாள்.

அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா பட்டுச்சேலையில் நிற்கிற படங்கள் எங்கள் வீட்டில் இருபதாவது இருக்கும். அவள் வாழ்நாளில் பாதி நேரம் செய்த வேலையைக் காட்டும் படம் இது ஒன்றுதான். அதுவும் மிச்சமான ஒரு ஃபிலிமால் கிடைத்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கும். ரோல் முடிக்க எடுத்தது, காரணமே இல்லாமல் எடுத்தது, எதுவானாலும் சரி. எடுத்துப் போடுங்கள், அதன் கதையையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. படத்தின் வலது ஓரத்தில் ஒரு சைக்கிளின் முன் சக்கரமும் ஹேண்டில் பாரைப் பிடித்த ஒரு கையும் மட்டும் வந்திருக்கின்றன. யார் என்று தெரியவில்லை. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, "ஆபீஸ் ஆளா இருக்கும்" என்று விட்டுவிட்டாள்.


பூஜடை | ஞாயிறு, பகல் 12.40

எங்கள் கும்பகோணம் வீட்டில் எல்லாமே ஸ்டுடியோப் படங்கள்தான். கோடையில் மல்லிகை மலிந்ததும் பெண் குழந்தைகளுக்குப் பூத்தைத்து, பின்னலோடு சேர்த்து அலங்காரம் செய்து, நேராக ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போவார்கள். பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி வைத்து முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழும்படி நிறுத்துவார்கள். என் பாட்டிக்கு அப்படி ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றையும் வரிசையாக வைத்தால் கண்ணாடியின் சட்டம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

என் படத்தின் கதை இது. பூத்தைக்க மூன்று மணி நேரம் ஆனது. ஊசி குத்தி மண்டை வலித்தது. ஸ்டுடியோவில் எங்களுக்கு முன்னால் நான்கு பெண்கள் இதே அலங்காரத்தோடு காத்திருந்தார்கள். என் முறை வருவதற்குள் அழுது முகம் வீங்கிவிட்டது. படத்தில் அது தெரியாது. முகத்தைப் பாதி திருப்பி நிற்கச் சொல்லி, ஈரக் கண்ணை ஸ்டுடியோக்காரர் மறைத்துவிட்டார். கண்ணாடியில் ஜடைக்கு மேலே, மூலையில், அப்பாவின் சட்டைக் கை தெரிகிறது. அழுகையை நிறுத்த அவர் ஒரு கமர்கட்டை நீட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கதை தெரிந்தவர்கள் இப்போது நானும் அம்மாவும் மட்டும்.


இருட்டறை | ஞாயிறு, மாலை 6.05

திண்டுக்கல்லில் 1979 முதல் இருபத்தைந்து வருடம் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவன். கரிசல்மண் தம்பி சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் இருட்டறையில் வெளியாள் ரோல் கழுவும்போது கடைசிப் படத்துக்காகக் காத்திருப்பேன். முதல் பத்துப் படங்களைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: மாலையும் கழுத்துமாக மணமக்கள், கேக், தாஜ்மகால் வரைந்த திரைக்கு முன்னால் குடும்பம். கடைசி ஒன்றிரண்டில்தான் அந்த வீடு இருக்கும். தூங்குகிற குழந்தை, கன்றுக்குட்டி, வாசலில் காயும் வற்றல், எடுப்பவரின் நிழல். அம்மிக்கல்லை மட்டும் எடுத்த படம்கூடப் பார்த்திருக்கிறேன். யார் வீட்டு அம்மி என்று தெரியாது, ஆனால் மழையில் நனைந்து பளபளவென்று இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். அந்தப் படங்களை அநேகம் பேர் பிரிண்ட் போடவே மாட்டார்கள். "அது சும்மா எடுத்தது, வேணாம்ணே, காசு தண்டம்" என்பார்கள். நாங்களும் நெகட்டிவை மட்டும் உறையில் போட்டுக் கொடுத்துவிடுவோம். ஆகவே ஆல்பத்தில் தேடினால் கிடைக்காது. நெகட்டிவில் தேடுங்கள். கைபேசித் திரையை வெள்ளையாக்கி, வெளிச்சத்தை முழுதாக வைத்து, நெகட்டிவை அதற்கு ஓர் அங்குலம் மேலே பிடித்து, இன்னொரு கைபேசியால் படம் எடுங்கள். திரையோடு ஒட்டினால் புள்ளி புள்ளியாக விழும். எடுத்த படத்தில் கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக மாற்றினால் படம் வந்துவிடும். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். மங்கலான பக்கத்தில்தான் மருந்து இருக்கிறது, அதில் விரல் படக்கூடாது.

எத்தனையோ ஸ்டுடியோக்கள் மூடியபோது நெகட்டிவ்களை வெள்ளிக்காக எடைக்குப் போட்டுவிட்டார்கள். பழைய கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டிக் கழுவி, படத்துக்குச் சட்டம் போடும் கண்ணாடியாக விற்றதும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். பெரிய வேலை அது. வீட்டு ரோலின் பன்னிரண்டாம் படத்தை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

தம்பி, அந்தச் சைக்கிள் படத்தின் நெகட்டிவ் இருக்கிறது என்கிறீர்களே, அதை நல்ல ஸ்கேனரில் கொடுத்து எடுங்கள். ஆறு சென்டிமீட்டர் சதுர நெகட்டிவ். சின்ன பிரிண்டில் தெரியாதது நிறைய உள்ளே இருக்கும்.


ஐந்தாம்தளம் | ஞாயிறு, இரவு 9.30

எனக்கு 24 வயது. ரோல் என்பதே எனக்குத் தெரியாது. என் கைபேசியில் 31 ஆயிரம் படங்கள் இருக்கின்றன, கடைசிப் படம் என்று ஒன்று வருவதே இல்லை. ஆனாலும் ஒன்று போடுகிறேன். மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டில் பூ விற்கும் அம்மா. தினமும் இவரைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். மழையன்று குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் பூக்கூடைக்குப் பிடித்திருந்தார். சட்டென்று எடுத்துவிட்டேன்.


நேர்கோடு | ஞாயிறு, இரவு 10.10

நல்ல படம். ஆனால் அவரிடம் கேட்டீர்களா? இந்த இழையில் மற்ற எல்லாரும் தங்கள் அம்மாவையும் தங்களையும் பற்றி எழுதுகிறார்கள். இவர் உங்களுக்கு யாரோ ஒருவர். நனைந்த சேலையோடு தன் முகம் ஊரெல்லாம் சுற்றுவதை அவர் விரும்புவாரா? தெருவில் உழைப்பவர்களைக் கேட்காமல் எடுப்பது நமக்குப் பழகிவிட்டது. கார் வைத்திருப்பவரை இப்படி எடுத்துப் போடுவோமா? படத்தை இங்கிருந்து நீக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.


பூஜடை | ஞாயிறு, இரவு 10.35

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. கேட்டால் அவர் முந்தானையைச் சரிசெய்து, குடையை மடக்கி, நேராக உட்கார்ந்திருப்பார். அந்தக் குடை போயிருக்கும். கரிசல்மண் அம்மாவையும் யாரும் கேட்டுவிட்டு எடுக்கவில்லையே.


நேர்கோடு | ஞாயிறு, இரவு 11.00

அதை எடுத்தவர் அந்த அம்மாவின் தம்பி. படம் வீட்டு உறைக்குள் நாற்பது வருடம் இருந்தது. அதை வெளியில் காட்டலாம் என்று முடிவு செய்தது மகன், அதுவும் அம்மாவிடம் பேசிய பிறகு. எடுப்பது ஒன்று, ஊருக்குக் காட்டுவது வேறு.


ஐந்தாம்தளம் | திங்கள், இரவு 8.20

நேர்கோடு சொன்னது சரி. நேற்றே படத்தை இங்கிருந்து நீக்கிவிட்டேன். இன்று அந்த அம்மாவிடம் போய்க் காட்டி, நடந்ததைச் சொன்னேன். முதலில் கோபப்பட்டார், எனக்குச் சங்கடமாகிவிட்டது. "எம் மவன் பார்த்தா, மழையில ஏன் உக்காந்தன்னு திட்டுவான்" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "மூஞ்சி வேணாம். கைய வேணா எடுத்துக்க" என்றார். இதோ அவருடைய கைகள், பூக்கட்டும்போது. இடது கைக் கட்டைவிரல் நகத்தில் வாழைநார் அறுத்த கோடு தெரிகிறது பாருங்கள். முப்பது வருடமாகக் கட்டுகிறாராம். தினமும் தாண்டிப் போயும், பேசியது இன்றுதான். இதைப் போடலாம் என்று அவரே பார்த்துவிட்டுச் சொன்னார்.


பனங்கூடல் | செவ்வாய், அதிகாலை 4.50

யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கியதில், யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியிலிருந்து சனம் முழுக்க ஒரே நேரத்தில் வெளிக்கிட்டது. செம்மணி வழியாக, நாவற்குழிப் பாலம் தாண்டி, சாவகச்சேரிப் பக்கம். மழை. எனக்குப் பதினொரு வயது. அம்மா சைக்கிளில் அரிசியும் உறுதியும் கட்டினா. காணி உறுதிப் பத்திரத்தைத்தான் சொல்கிறேன். மூன்று அல்பங்களையும் எடுக்க முடியவில்லை. "ரெண்டு நாளில திரும்பி வந்திடுவம்" என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா. திறப்பு, சாவியைத்தான் சொல்கிறேன், இன்றும் அவவிடம் இருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் போனபோது அலுமாரியே இல்லை.

எங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்துப் படம் என்று மிஞ்சியது ஒன்றே ஒன்று. குசினி வாசலில் அம்மம்மா குந்தியிருந்து தேங்காய் துருவுகிறா. இரண்டு கோழிகள். அம்மம்மா தலைமயிரை அள்ளி முடிந்திருக்கிறா. 1994இல் ரொறன்ரோவில் இருந்த மாமாவுக்குக் கடிதத்தோடு போன படம் அது. நல்ல படங்களை எல்லாம் நாங்கள் வைத்துக்கொண்டோம். தபாலில் தொலைந்தாலும் பரவாயில்லை என்றுதான் இதை அனுப்பினோம்.

ஏன் குசினிக்குள் எடுக்காமல் வாசலில் எடுத்தது தெரியுமா? அப்போது பொருளாதாரத் தடை. வடக்குக்குப் பற்றரி வர விடமாட்டார்கள். பற்றரி இல்லையென்றால் ஃப்ளாஷ் இல்லை. வெளிச்சம் இருக்கிற இடத்துக்கு அம்மம்மாவைத் துருவலையோடு தூக்கிக்கொண்டு வந்து இருத்தினோம். "என்ன விசர் வேலை இது" என்று பேசினா. அந்தப் பேச்சு எனக்கு இன்னும் கேட்கும்.

மாமாவிடம் அந்தப் படத்தை முதலில் பார்த்தது 2001இல். பின்பக்கம் அம்மா பென்சிலால் எழுதியிருந்தா: "கோழி முட்டை இடத் தொடங்கிவிட்டது."


இருட்டறை | செவ்வாய், காலை 7.15

பனங்கூடல், இரண்டு முறை படித்தேன். அம்மா பென்சிலால் எழுதியது எவ்வளவு நல்லது தெரியுமா? பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மை ஊறும். மெல்லிய பென்சில்தான் பின்பக்கத்துக்கு ஏற்றது. எல்லாரும் இதைச் செய்யுங்கள்.

ஒட்டும் தாளோடு பிளாஸ்டிக் மூடி வைத்த ஆல்பங்கள் யாரிடமாவது இருந்தால் படங்களை மெதுவாக வெளியே எடுத்துவிடுங்கள், அந்தப் பசை படத்தைத் தின்னும். 80களின் கலர் பிரிண்டுகள் சிவந்துகொண்டே போகின்றன, அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளை இன்னும் கொஞ்சம் காத்திருக்கும். 2015 வெள்ளத்தில் சென்னையில் நிறையப் பேர் நனைந்த ஆல்பத்தை அப்படியே வெயிலில் காயவைத்தார்கள், படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. ஈரமாக இருக்கும்போதே நல்ல குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து, படம் மேலே பார்க்க நிழலில் போட வேண்டும். உடனே முடியாவிட்டால் பையில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம்.


கரிசல்மண் | புதன், இரவு 7.40

அண்ணாச்சி சொன்னபடி நெகட்டிவை மதுரையில் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கிவிட்டேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. சைக்கிள் மட்கார்டில் வெள்ளை பெயிண்டில் 7 என்று எழுதியிருக்கிறது. ஹேண்டில் பாரைப் பிடித்த கையில் இரண்டு வளையல்கள் இருக்கின்றன. நான் இத்தனை நாளும் அதை ஆண் கை என்றே நினைத்திருந்தேன்.


புதுகை | புதன், இரவு 8.55

மட்கார்டில் எண் இருந்தால் அது வாடகை சைக்கிள். மணிக்கணக்குக்கு எடுக்கும் கடைகளில் இப்படித்தான் எண் போடுவார்கள், நோட்டில் பெயரும் எண்ணும் நேரமும் எழுதிக்கொள்வார்கள். ஆபீஸ் ஆள் வாடகை சைக்கிளில் ஏன் வருகிறார்?

என் அம்மாவின் படத்தைச் சொல்கிறேன், பொருத்தமாக இருக்கும். 1992, புதுக்கோட்டை. அறிவொளி இயக்கம் வந்த நேரம். எழுத்துச் சொல்லிக் கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். ஊர் ஊராகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் ஓட்டினார்கள். என் அம்மா சேலையைத் தூக்கிச் செருகி, முன் கம்பியில் என்னை உட்காரவைத்து, பின்னால் தண்ணீர்க் குடம் கட்டி ஓட்டிப்போகிறாள். படம் கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறது. எடுத்தது அறிவொளித் தொண்டர் ஒருவர், பெயர் அம்மாவுக்கு நினைவில்லை. அதுவரை குடத்தை இடுப்பில் வைத்து ஒன்றரை மைல் நடப்பாளாம். "அன்னிக்கு மிச்சமான நேரத்துல என்ன பண்றதுன்னே தெரியல, தூங்கிட்டேன்" என்பாள். படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

1986இல் வளையல் போட்ட கை வாடகை சைக்கிளைப் பிடித்திருக்கிறது என்றால், எங்கள் ஊருக்கு முன்னாலேயே உங்கள் ஊரில் யாரோ கற்றிருக்கிறார். அம்மாவிடம் இன்னொரு முறை கேளுங்கள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டிக் கேளுங்கள்.


நேர்கோடு | வியாழன், காலை 8.00

காத்திருக்கிறேன். என் பங்குக்கு ஒன்று: இறந்துபோன அப்பாவின் மேசை. போன மாதம் ஒழித்துக் கட்டுவதற்கு முன்பு எடுத்தேன். மூக்குக் கண்ணாடி, கரண்ட் பில், பாதி போட்ட குறுக்கெழுத்து. பத்தாவது கட்டத்தில் நிறுத்தியிருக்கிறார். இதற்கு மேல் எழுத வரவில்லை.


பனங்கூடல் | வியாழன், மாலை 5.10

நேர்கோடு, அந்தக் குறுக்கெழுத்தை எறியாதேங்கோ.


கரிசல்மண் | சனி, இரவு 9.25

அம்மாவிடம் மடிக்கணினியை வைத்துத் திரை முழுக்க அந்தக் கையை மட்டும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "நம்ம சின்னவ கையில்ல இது" என்றாள்.

சித்தி. அம்மாவின் தங்கை. அப்போது பதினேழு வயது, காது குத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தாத்தா கோயிலிலிருந்து நேராக ஊருக்குப் போய்விட, மறுநாள் மத்தியானம் சின்ன மாமா கடையில் தன் பெயரில் சைக்கிள் எடுத்து வந்து சித்திக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தாத்தாவுக்குத் தெரிந்தால் அடிதான். அம்மா வாய் திறந்து சொல்லிக்கொண்டிருந்தது சித்தியிடம்: "தெருவுக்குள்ள போகாத, கம்மாய்க்கரைப் பக்கம் போ." நாற்பது வருடம் கழித்து அம்மா அந்த வாக்கியத்தை அதே குரலில் சொன்னாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உடனே தூத்துக்குடிக்குச் சித்திக்குப் போன் போட்டுப் படத்தை அனுப்பினேன். முதலில் சிரித்தாள், பிறகு பேச்சே வரவில்லை. அப்புறம் ஒன்று சொன்னாள், அது எங்கள் அம்மாவுக்கே தெரியாது. அந்தப் படத்தில் சித்தியும் நின்றிருக்க வேண்டியது. மாமா கேமராவைத் தூக்கியதும் அவள் சைக்கிளோடு பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள். "படம் கழுவி வந்தா அப்பா பார்ப்பாரு, தள்ளி நில்லு" என்று மாமாதான் விலக்கி நிறுத்தியிருக்கிறார். தன்னைத் துண்டாக வெட்டிவிட்டான் என்றுதான் சித்தி இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அந்தக் கேமராவில் பார்க்கும் துவாரம் வேறு, லென்ஸ் வேறு; துவாரத்தில் தெரிவதும் ஃபிலிமில் விழுவதும் அப்படியே ஒன்றாக இருக்காது. மாமா துவாரத்தில் பார்த்தபோது சித்தி முழுக்க வெளியில்தான் இருந்திருப்பாள். கையும் சக்கரமும் அவரை மீறி உள்ளே வந்துவிட்டன. தாத்தா அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறார், கண்டுபிடிக்கவில்லை.

சின்ன மாமா இப்போது இல்லை. சித்திக்குப் பெரிய பிரிண்ட் ஒன்று போட்டு அனுப்புகிறேன். ஓரத்தை வெட்டாமல் போடச் சொன்னாள். பின்பக்கம் பென்சிலால் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "7ஆம் நம்பர் சைக்கிள், ஒரு மணி நேரம்" என்று எழுதச் சொன்னாள்.